மேலே ஆடிய தண்ணீர்

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் அவருக்கு வைத்த பெயர் ‘சந்தேகம்’. மற்றவர்கள் ஒரு போல்ட்டை முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். இவர் திரும்பி வந்து, முடுக்கியதையே இன்னொரு தரம் முடுக்கிப் பார்ப்பார். கைக்குட்டை காயப்போடுவதற்கு முன்னால்கூடக் கொடியை இழுத்துப் பார்க்கிற மனுஷன் என்று அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். அவருக்குக் கோபம் வராது. லிஃப்ட் பெட்டியைத் தாங்கும் வடத்தில் இழை பிரிந்து நின்றதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர் அவர். அதற்குப் பிறகு தலைக்கு மேல் தொங்குகிற எதையும் ஒரு தரம் இழுத்துப் பார்க்காமல் அவர் நகரமாட்டார்.

அப்படிப்பட்டவரிடம் போய் அவருடைய ஒரே மகள், வீட்டில் பஞ்சிங் பேக் மாட்டித் தரச் சொன்னாள்.

கல்லூரியில் சேர்ந்த புதிதில் விளையாட்டாகப் பாக்சிங் பழகப் போனவள். இரண்டாம் வருஷத்துக்குள் கல்லூரி அணிக்கு வந்துவிட்டாள். அதிகம் பேசமாட்டாள். கேட்க வேண்டியதை ஒரே ஒரு தடவை கேட்பாள், பிறகு முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்தப் பார்வைக்கு அப்பா எப்போதும் தோற்றுப்போவார். “மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டு அடிக்கிறதுக்கு ஒரு படிப்பா” என்று அம்மா முணுமுணுத்தாள். ஆனால் மகளின் அறையிலிருந்த அலமாரியை நகர்த்தி இடம் பண்ணிக் கொடுத்தவளும் அவள்தான்.

விளையாட்டுச் சாமான் கடைக்காரர் மூன்று விதம் காட்டினார். தரையில் நிற்கும் ஸ்டாண்டை மகள் பார்த்த மாத்திரத்தில் வேண்டாம் என்றாள். நாலு அடி பலமாக விழுந்தால் அது அறை முழுக்க நம்மைத் துரத்திக்கொண்டு வருமாம். இரண்டாவது, சுவரில் பதிக்கிற இரும்புக் கை. அதற்காக அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். உள்ளே துளை உள்ள கல் வைத்துக் கட்டிய தடுப்புச் சுவர், தட்டினால் காலிப் பெட்டி மாதிரி சத்தம் போட்டது. அதில் படத்துக்கு ஆணி அடிக்கலாம், அவ்வளவுதான். மிஞ்சியது கூரை.

மூட்டையின் கனத்தை மட்டும் கணக்குப் பார்த்தால் போதாது என்பது அவருக்குத் தெரியும். அது ஆடும், குத்து விழும்போது வெட்டி இழுக்கும். ஒற்றைக் கொக்கியை அவர் தொடவே இல்லை. நான்கு போல்ட் போடும் கனமான தகடு, அதிர்வைத் தானே வாங்கிக்கொள்ள ஒரு ஸ்பிரிங், அதன் கீழ் சங்கிலி என்று வாங்கினார். அறையின் குறுக்கே ஓடிய உத்தரத்தைத் தட்டித் தடவி, உள்ளே கம்பி எங்கே போகிறது என்று பார்த்து, அதைத் தொடாதபடி டிரில் போட்டார். டிரில்லோடு வந்த பொடி பறக்கவில்லை. பிசைந்த மாவு போல டிரில் முனையில் அப்பிக்கொண்டது. காற்றில் ஈரம் அதிகம் என்று நினைத்து அதை வழித்துப் போட்டார்.

எல்லாம் மாட்டி முடித்ததும் தகட்டின் வளையத்தை இரண்டு கையாலும் பிடித்து, காலைத் தூக்கி, தானே தொங்கிப் பார்த்தார். மகள் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தாள். “இறங்குங்க, குரங்கு வித்தை போதும்” என்றாள் மனைவி.

அன்று முதல் காலையும் மாலையும் அந்த அறையிலிருந்து தொம் தொம் என்று சத்தம் வரும். வீடு அதற்குப் பழகிவிட்டது, மேல்வீட்டுக்காரர் பழகவில்லை. அந்தக் கட்டடத்தில் இவர்களுக்கு மேலே இருந்தது ஒரு வீடுதான், அதற்கு மேல் மொட்டைமாடி. அந்த மேல்வீட்டில் அறுபதைத் தாண்டிய ஒருவர் தனியாக இருந்தார். கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவர் என்பதைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியாது. கதவை ஒருக்களித்துத் திறந்து பேசிவிட்டு உடனே சாத்திக்கொள்வார். அவர் வீட்டிலிருந்து பகலும் இரவும் ஒரு மெல்லிய இரைச்சல் வரும். பழைய ஃபிரிட்ஜாக இருக்கும் என்று இவர்கள் விட்டுவிட்டார்கள்.

ஒரு மாலை அவர் படியிறங்கி வந்து வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

“உங்க பொண்ணு குத்துறப்ப என் தண்ணி ஆடுது தம்பி” என்றார். “கொஞ்சம் மெதுவா குத்தச் சொல்லுங்க.”

அவர் தலை மறைந்ததும் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். “தண்ணி போட்டா ஆளுதான் ஆடும். இவருக்குத் தண்ணியே ஆடுதாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். 

தரையில் தூசு விழுவதை முதலில் கவனித்தது மனைவி. மூட்டைக்குக் கீழே திருநீறு தூவியது மாதிரி மெல்லிய சாம்பல் நிறப் பொடி. பெருக்கித் தள்ளினால் மறுநாளும் இருந்தது. சொன்னால் இவர் ஊரைக் கூட்டுவார் என்று அவள் சொல்லாமலே பெருக்கிக்கொண்டிருந்தாள். ஒரு விடுமுறை நாளில் அவரே பார்த்துவிட்டார். ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு போல்ட்டையும் சோதித்தார். எதுவும் அசையவில்லை. அப்படியும் மனசு கேட்காமல் அகலமான தகடு வாங்கி வந்து மாற்றினார். பொடி நிற்கவில்லை. கடைசியில் மூட்டையைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, மகளைக் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளச் சொன்னார்.

மூட்டையைக் கழற்றிய பிறகும் பொடி விழுந்தது.

அப்போதுதான் அவர் உத்தரத்தை விட்டுவிட்டுக் கூரை முழுவதையும் பார்த்தார். ஜன்னல் பக்க மூலையிலிருந்து மயிரிழை போல ஒரு விரிசல் கிளம்பி அறை நடுவை நோக்கி வந்துகொண்டிருந்தது. தன் தகட்டிலிருந்து அது கிளம்பவில்லை என்று கண்டதும் முதலில் அவருக்கு வந்தது நிம்மதி. விரிசலின் நுனியில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தார். அடுத்த முறை ஏணி ஏறியபோது விரிசல் கோட்டைத் தாண்டி ஒரு சாண் போயிருந்தது. கையை வைத்தார். கூரை சில்லென்று இருந்தது, உள்ளங்கை நனைந்தது. தலைக்கு மேலே அந்த இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. 

மாடிக்கு ஓடிப்போய்க் கதவைத் தட்டினார். ஒருக்களித்த கதவை இந்தத் தடவை தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

மகளின் அறைக்கு நேர் மேலிருந்த அறையில் கட்டில், நாற்காலி எதுவும் இல்லை. சுவருக்குச் சுவர் கண்ணாடித் தொட்டிகள். இரும்புச் சட்டத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக உத்தர உயரத்துக்கு ஏறியிருந்தன. எல்லாவற்றிலும் தண்ணீர், தண்ணீருக்குள் மீன். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு சின்ன மோட்டார் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. தரை ஈரமாகக் கிடந்தது.

“கடைகளுக்கு வளர்த்துக் கொடுக்கிறேன் தம்பி, தப்பா ஒண்ணும் இல்ல” என்றார் பெரியவர். குழந்தையைக் காட்டுவது போல ஒரு தொட்டியைத் தொட்டுக் காட்டினார்.

“இவ்வளவு கனத்தை இந்தத் தரை தாங்காது அண்ணே. எல்லாத்தையும் இப்பவே இறக்கணும்.”

பெரியவர் அசையவில்லை. முட்டை பொரிக்கிற நேரம், ஒரு வாரம் போகட்டும் என்றார். இத்தனை வருஷம் தாங்கின தரைதானே என்றார். பேச்சில் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்து, இவர் லிஃப்ட் வேலையில் கழற்றிச் சட்டைப் பையில் போட்டிருந்த சின்ன இரும்புக் குண்டு ஒன்றைச் சுவரோரமாகத் தரையில் வைத்தார். அது தானாகக் கிளம்பி அறை நடுவுக்கு உருண்டு போய் அங்கேயே நின்றது. பெரியவர் அதைப் பார்த்தார். 

“குழாய் இருக்கு தம்பி” என்றார் மெதுவாக. “வெளியில விட்டுடலாம்.”

இவர் முதலில் கீழே இறங்கினார். அடுப்பை அணைத்துவிட்டு இருந்தபடியே கிளம்பச் சொன்னார். மனைவி ஏன், எதற்கு என்று கேட்கவில்லை, அவர் முகமே போதுமாக இருந்தது. மகள் தரைத்தளத்தில் குடியிருந்த தையல்கடைக்காரர் குடும்பத்தையும் கிளப்பிக்கொண்டு தெருவுக்குப் போனாள். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் பண்ணிக்கொண்டே இவர் மறுபடியும் மேலே ஏறினார்.

இரண்டு பேரும் அறை வாசலில் நின்றபடியே எட்டின தொட்டிகளில் குழாய் வைத்துத் தண்ணீரைக் கூடத்து ஜன்னல் வழியாக இறக்கினார்கள். மேல் வரிசை பாதி காலியானபோது கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. கெட்டித் துணியைக் கிழிப்பது போன்ற சத்தம்.

“வாங்க அண்ணே, போதும்.”

“குஞ்சுத் தொட்டி மட்டும்” என்று பெரியவர் உள்ளே காலை வைத்தார்.

இவர் அவருடைய சட்டையைப் பிடித்தார். துணி மட்டும் கையோடு வந்தது. தரை ஜன்னல் பக்கமாகச் சாய்ந்தது. சட்டங்கள் சாய்ந்தன. அத்தனை தண்ணீரும் அத்தனை கண்ணாடியும் ஒரே மூச்சில் கீழே போயின. பெரியவரும் போனார்.

இறங்கி வந்து பார்த்தபோது மகளின் அறை இருந்த இடத்தில் கல்லும் கம்பியும் கிடந்தன. கட்டில் நசுங்கியிருந்தது. தகடு ஒரு போல்ட்கூட அசையாமல் உத்தரத்தில் இருந்தது, உத்தரம்தான் தரைக்கு வந்திருந்தது. எங்கும் மீன்கள் துள்ளின. சாய்ந்து நின்ற ஒரு பலகைக்கு அடியில் பெரியவர் முனகுவது கேட்டது. தீயணைப்புக்காரர்கள் அவரை உயிரோடு எடுத்தார்கள். இடுப்பும் ஒரு காலும் போயின. ஆஸ்பத்திரியில் இவர் பார்க்கப் போனபோதெல்லாம் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

கட்டடத்தை ஆராய்ந்த என்ஜினீயர்கள் தண்ணீரின் கனத்தைச் சொன்னார்கள், வருஷக்கணக்கில் கசிந்து துருப்பிடித்த கம்பியைச் சொன்னார்கள். வீடு இழந்த மற்றவர்கள் அதை நம்பவில்லை. அந்தப் பெண் தினமும் குத்திக் குத்தித்தான் கட்டடம் ஆட்டம் கண்டது என்று பேசிக்கொண்டார்கள். தையல்கடைக்காரர் மனைவி எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர்கள் வேறு தெருவில் ஓட்டு வீடு ஒன்றுக்குக் குடிபோனார்கள். மகள் பயிற்சிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து அப்பாவின் எதிரில் நின்றாள்.

“நான் குத்தினதுனாலயாப்பா?”

இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். மனைவி சமையலறை வாசலிலிருந்து கண்ணால் அதைத்தான் கெஞ்சினாள். அவர் ஈரப்பொடி அப்பிய டிரில்லை நினைத்தார். தரையில் அந்தச் சாம்பல் பொடி விழாமல் இருந்திருந்தால் கூரையை நிமிர்ந்து பார்த்திருப்போமா என்றும் நினைத்தார். பெற்ற மகளிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன்.

“தெரியலம்மா” என்றார். “குத்தலேன்னாலும் விழுந்திருக்கும். எப்பன்னுதான் தெரியாது. நீ தூங்கறப்ப விழுந்திருக்கலாம்.”

 அவள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.