ஞானமுத்து அண்ணாச்சி கிழிக்காத பக்கம்

கழுகுமலையிலிருந்து வரும் முதல் பஸ் எங்கள் தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் ஒருநாளும் நின்றதில்லை. போன செவ்வாய்க்கிழமை நின்றது. கண்டக்டர் இறங்கிவந்து, “ஞானமுத்து அண்ணாச்சி விடியக்காலம் தவறிட்டாவ. ஒங்ககிட்ட சொல்லிரச் சொன்னாவ” என்றார். ஒன்றைக் கேட்டால் பத்தாக்கிச் சொல்லுகிறவன் என்று ஊரில் பெயரெடுத்தவன் நான். அன்றைக்கு அவர் சொன்ன ஒன்றையே வீட்டுக்குள் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் தொடக்கத்தில் நான் ஒரு சீமைக் கார் வாங்கினேன். அதன் முன்விளக்கு கோவில்பட்டிக்குள் நுழையும்போது பின்சக்கரம் நாலாட்டின்புத்தூரைத் தாண்டியிருக்காது, அவ்வளவு நீளம். அந்தக் காரை ஓட்ட வந்தவர்தான் ஞானமுத்து அண்ணாச்சி. என்னைவிட எட்டு வயது மூத்தவர். அவர் என்னை முதலாளி என்பார், நான் அவரை அண்ணாச்சி என்பேன்.

காருக்கு ஒரு வருஷம் கியாரண்டி கொடுத்திருந்தார்கள். ஆயில் மாற்றவும் கிரீஸ் அடிக்கவும் மாதாமாதம் மதுரைக்கு ஓட்டிப் போனால்தான் அது செல்லும் என்று எல்லோரும் என்னைப் பயமுறுத்தினார்கள். போக வர பெட்ரோல், ஒரு நாள் பிழைப்பு, பட்டறைக் கூலி என்று யோசித்தபோதே எனக்குத் தலை சுற்றியது. அண்ணாச்சி பயப்படவில்லை. கம்பெனி கொடுத்த இங்கிலீஷ் புத்தகத்தைத் தேவாலயப் பள்ளிக்கூட வாத்தியாரிடம் எடுத்துப் போய் வரிவரியாக மூன்று தரம் வாசித்துக் காட்டச் சொன்னார். திரும்பிவந்து சொன்ன சேதி இதுதான்: எஞ்சினையோ கியர்பெட்டியையோ உள்ளே திறப்பதென்றால் கம்பெனிக்காரர் கை வேண்டும். ஆயிலும் கிரீஸும் வேலை தெரிந்த யாரும் மாற்றலாம். அவர்கள் சொன்ன ஆயில், சொன்ன மைல், அதற்கு ரசீது, இவ்வளவும் இருந்தால் போதும்.

மறுநாளே தைத்த நோட்டு ஒன்று வாங்கினார். செய்த வேலையை மைலோடு எழுதுவார். ஆயில் டின்னின் லேபிளை உரித்து, ரசீதோடு சேர்த்து எங்கள் ஆபீஸ் பசையால் ஒட்டுவார். “வண்டிக்கு வலிச்சா சத்தம் போடும் மொதலாளி. தாகம்னா சத்தமே போடாது. நாமதான் பாத்துக்கிடணும்” என்பார்.

எங்கள் கரிசல் தூசி உங்களுக்குத் தெரியும். சித்திரையில் காற்றடித்தால் என் மேலக்காடு பத்திரம் எழுதாமலே பக்கத்து ஊர்க்காரன் பேருக்கு மாறிவிடும். அந்தத் தூசி எஞ்சினுக்குள் போகாமல் தடுக்க, காற்று போகும் வழியில் ஆயில் ஊற்றிய கிண்ணம் ஒன்று இருந்தது. புத்தகம் சொன்னதைவிடப் பல தடவை, வாரம் தவறாமல், அதைக் கழுவிப் புது ஆயில் ஊற்றுவார். விலைகொடுத்து வாங்கிய ஆயில் இப்படிப் போகிறதே என்று எனக்கு வயிறெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கோவிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, வீட்டில் ஆட்டிவைத்திருந்த கடலை எண்ணெயை அதில் ஊற்றிவிட்டேன்.

வந்து காரை எடுத்தார். பஜாரைத் தாண்டியதும் நிறுத்திவிட்டு, “மொதலாளி, வண்டிக்குள்ள யாரு பணியாரம் சுடுதா?” என்று கேட்டார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் இறங்கி, மண்ணெண்ணெயால் கிண்ணத்தைக் கழுவி, சரியான ஆயிலை ஊற்றினார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

கார் வாங்கிய ஒன்பதாம் மாதம் மணியாச்சியிலிருந்து வரும் வழியில் கியர்பெட்டி நொறுங்கியது. ஆள் அனுப்பிப் பார்க்கிறோம், பராமரிப்பில் குறை இருந்தால் செலவு உங்களுடையது என்று கம்பெனி எழுதியது. செலவு என் தலையில் விழுந்தால் மேலக்காட்டை விற்கவேண்டும். பருத்தி விளைகிற காடு. அது போனால் தானும் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவதாக என் மனைவி சொல்லிவிட்டாள்.

ஆள் வருவதற்கு முந்தின நாள்தான் நோட்டைப் புரட்டினேன். நடுவில் ஒரு பக்கத்தில் இருந்தது: ‘முதலாளி கடலை எண்ணெய் ஊற்றினார். ஒரு மைல் ஓடியது. கழுவி மாற்றினேன்.’ நோட்டைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சியிடம் ஓடினேன். அந்த ஒரு ஏட்டைக் கிழித்துவிடுங்கள் என்று கெஞ்சினேன், பிறகு அதட்டினேன், உம்ம வேலை போய்விடும் என்றும் சொன்னேன். அப்படிச் சொன்னேன் என்பதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

அவர் நோட்டை விரித்து நடுத் தையலைக் காட்டினார். “இது தச்ச நோட்டு மொதலாளி. இந்த ஏட்டைக் கிழிச்சா இதுக்குச் சோடியா அந்தப் பக்கம் இருக்குற ஏடும் கழண்டுல்லா வரும். நெசமா செஞ்ச வேலையும் பொறவு சேந்து போயிரும்.”

வந்தவர் மதுரைக்காரர், சிரிக்கத் தெரியாத முகம். நோட்டை முதலிலிருந்து வாசித்துக்கொண்டே வந்தார். அந்தப் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. “முதலாளி செஞ்ச தப்பையே எழுதி வச்சிருக்கிற ஆளு, மத்ததுல பொய் எழுத மாட்டாரு” என்றார். கடலை எண்ணெய்க்கும் கியர்பெட்டிக்கும் சம்பந்தமில்லை என்று அவரே குறித்துக்கொண்டார். புதுக் கியர்பெட்டி இனாமாக வந்தது. மேலக்காடு இன்றும் என் பேரில் இருக்கிறது.

இந்தக் கதையைப் பிறகு நான் சொல்லாத கல்யாண வீடு இல்லை. ஆனால் என் கதையில், பயந்துபோய்க் கிழிக்க வந்தவர் டிரைவர். “கிழிக்காதீர், உண்மை பேசட்டும்” என்று சிங்கம்போல் கர்ஜித்தவன் நான். அண்ணாச்சி பக்கத்தில் நிற்கும்போதே பலமுறை சொல்லியிருக்கிறேன். துணியை எடுத்துக் காரின் முன்விளக்கைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஒருநாளும் மறுத்ததில்லை.

அடக்கத்துக்குக் கழுகுமலை போயிருந்தபோது, அவருடைய மருமகனே என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒங்க நேர்மையைப் பத்தி மாமா வீட்டுல சொல்லிக்கிட்டே இருப்பாவ” என்றார். குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அதையும் வாங்கிக்கொண்டேன்.

அவரை அறிந்தவர்களே, என் வாயால் அந்தக் கதையைக் கேட்டவர்களே, இங்கே எழுதியிருப்பதை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள். கார் எப்போதோ கைமாறிப் போய்விட்டது. நோட்டு என்னிடம் இருக்கிறது. நேற்று தையலைத் தடவிப் பார்த்தேன். ஓர் ஏடுகூடக் கழன்றிருக்கவில்லை.