நோயாளிக்கு வயது பத்து மாதம்

போன ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை. மார்த்தாண்டத்தில் ஒரு கால்நடை மருத்துவமனையின் வராந்தாவில் நின்று நான் அழுதுகொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. பிரசவ கேஸ், ஏ நெகட்டிவ் ரத்தம் உடனே வேண்டும் என்றார் யாரோ. எங்கள் ஊர் திருவட்டாறுக்குப் பக்கம். சபை வாலிபர் குழுவில் ரத்தம் கேட்டு வருகிற அழைப்புகளைக் கவனிப்பது என் பொறுப்பு. மூக்கை உறிஞ்சிக்கொண்டே எந்த ஆஸ்பத்திரி, எத்தனை யூனிட் என்று கேட்டு, அடுத்தடுத்து போன் போட்டு, ஆள் வண்டியில் ஏறிவிட்டான் என்பதை உறுதிசெய்துவிட்டு வைத்தேன். வைத்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. மனிதருக்கு இவ்வளவு சீக்கிரம் ஆள் பிடிக்கத் தெரிந்தவள், உள்ளே மேசைமேல் கிடக்கும் என் பூனைக்கு ஏன் பிடிக்கக் கூடாது?

பூனையின் பெயர் சக்கை. எங்கள் பக்கம் பலாப்பழத்துக்குச் சக்கை என்றுதான் பேர். பலாமரத்தடியில் மழையில் நனைந்து கிடந்த குட்டியைத் தூக்கி வந்ததால் அந்தப் பெயர். வீட்டுக்கு முன்னால் ரோடு, எந்நேரமும் ரப்பர் தடி ஏற்றிய லாரிகள். அதனால் அவனை வாசல் தாண்ட விட்டதே இல்லை. பத்து மாதம் ஆனதும் ஆண்பூனைக்குரிய சேட்டையை ஆரம்பித்தான். சுவர், திரைச்சீலை, கடைசியில் அப்பா ஆலயத்துக்குப் போட்டுக்கொண்டு போகத் தேய்த்து மாட்டியிருந்த வெள்ளைச் சட்டை, எல்லாவற்றிலும் சிறுநீர் பீய்ச்சினான்.

"ஏட்டி, இதை உடுத்திட்டுப் போனா உனக்க அப்பாக்க பக்கத்துல எவனாவது இருப்பானா? சீக்கிரம் கொண்டு போய் ஆபரேஷன் பண்ணிட்டு வா" என்றாள் அம்மா.

கருத்தடை ஆபரேஷனுக்கு டாக்டரிடம் நாள் வாங்கினேன். ஆச்சரியம், நாள் வாங்கிய மறுநாளிலிருந்தே சக்கை நல்ல பிள்ளை ஆகிவிட்டான். பீய்ச்சுவது நின்றது. திரைச்சீலையில் ஏறுவதும் நின்றது. ஜன்னலோரம் சுருண்டு படுத்துத் தூங்கினான். அம்மாவுக்கு மனம் இளகிவிட்டது.

"பாவம், திருந்திட்டான் பாத்தியா. இனி எதுக்காக்கும் அவனுக்க மேல கத்தி வைக்கது?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வெளியே கொட்டுகிற மழை வேறு. போகாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். வாங்கிய நாளை வீணாக்கக் கூடாது என்பதற்காக மட்டுமே அவனைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனேன்.

டாக்டர் ஒரு பெண்மணி, அதிகம் பேசாதவர். சக்கையின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தவர் என்னையும் பார்க்கச் சொன்னார். ரோஜா நிறத்தில் இருக்கவேண்டிய ஈறு, வேகவைத்த மரச்சீனிக் கிழங்கு மாதிரி வெளுத்துக் கிடந்தது. ரத்தம் எடுத்து உள்ளே கொண்டுபோனார். திரும்பி வந்தபோது அவர் முகம் சரியில்லை. தெள்ளுப்பூச்சி கடித்து ரத்தத்தில் ஒரு கிருமி புகுந்திருக்கிறது, சிவப்பணுக்களை அது அழித்துக்கொண்டே வருகிறது என்றார்.

"இவன் வெளிய போறதே இல்ல டாக்டர்."

"அவன் போகல்ல. நீங்க எல்லாரும் போய்ட்டு வாறியளே."

சட்டென்று புரிந்தது. எங்கள் நடையில் கால் துடைக்கக் கிடக்கும் சாக்கில்தான் தெருநாய்கள் மழைக்கு ஒதுங்கிப் படுக்கும். அதே சாக்கில் காலைத் துடைத்துக்கொண்டுதான் நாங்கள் உள்ளே வருவோம். அவன் திருந்தவில்லை. பீய்ச்சக்கூடத் தெம்பில்லாமல் கிடந்திருக்கிறான்.

"பாக்காம மயக்க ஊசி போட்டிருந்தா இவன் எழும்பியிருக்க மாட்டான். மருந்து இருக்கு, கேக்கும். ஆனா கேக்க நாள் பிடிக்கும். அதுவரை தாங்க இன்னைக்கே ரத்தம் ஏத்தணும். நல்ல எடையுள்ள, தடுப்பூசி போட்ட, வீட்டுக்குள்ளயே வளர்ற பூனை கிடைக்குமா?"

அப்படி ஒரு பூனைக்கு எங்கே போவது என்று தெரியாமல்தான் வராந்தாவில் நின்று அழுதுகொண்டிருந்தேன். இப்போது அழுகையை நிறுத்திவிட்டு வாலிபர் குழுவின் வாட்ஸ்அப்பில் தட்டினேன். 'அவசரம். ரத்தம் தேவை. நோயாளி: பூனை. வயது: பத்து மாதம்.'

பதில்கள் வந்து விழுந்தன. "நான் ஓ பாசிட்டிவ், புலி வம்சம், பரவாயில்லியா?" என்றான் ஒருவன். "எலி ஏதாவது பிடிச்சுத் தரணுமா மக்கா?" என்றான் இன்னொருவன். எனக்கு வந்த ஆத்திரத்தில் குழுவை விட்டே வெளியேறப் போனேன். அப்போது அந்தப் புலி வம்சமே உருப்படியாக ஒன்று எழுதினான். 'கல்ஃப் மாமாகிட்ட கேளு. அவரு பூனை ஆட்டுக்கடா மாதிரி இரிக்கும்.'

கல்ஃப் மாமா எங்கள் பாடகர் குழுவில் கனத்த குரலில் பாடுகிறவர். வெளிநாட்டு வேலையை விட்டு வந்தபோது சுல்தான் என்ற வெள்ளைப் பூனையையும் விமானத்தில் கொண்டு வந்தார். ஊசி என்றால் அவருக்கு உயிர் போய்விடும். எங்கள் ரத்ததான முகாம் நடக்கிற நாளில் மட்டும் தவறாமல் பேச்சிப்பாறையில் அவருக்கு ஏதாவது ஜோலி வந்துவிடும். அவரிடமா? வேறு வழியில்லை.

"மாமா, சுல்தானுக்க ரத்தம் கொஞ்சம் வேணும்."

"ஆருக்க ரத்தம்?"

"சுல்தானுக்க."

"பிள்ளே, நீ சுகமா இரிக்கியா?"

விஷயத்தைச் சொன்னேன். "அவன் எனக்க பிள்ளையாக்கும்" என்றார். "சக்கையும் எங்க வீட்டுல பிள்ளதான் மாமா" என்றேன். போனை வைத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

"வலிக்குமா?"

"லேசா மயக்க மருந்து கொடுத்துதான் எடுப்பாவ."

"அதுல எனக்கும் கொஞ்சம் கிடைக்குமா?"

வந்தார். காரில் ஏசி போட்டு, சுல்தானைத் துண்டில் சுற்றி, அவன் தடுப்பூசி அட்டையையும் மறக்காமல் எடுத்து வந்தார். இரண்டு ரத்தமும் சேருமா என்று டாக்டர் சோதித்துப் பார்த்த நேரம்தான் எனக்கு மிக நீளமான நேரம். சேரும் என்றார். சுல்தானின் கழுத்தில் கொஞ்சம் முடியை மழித்து ஊசியைக் குத்தியபோது அவன் அரைத்தூக்கத்தில் கிடந்தான். "கர்த்தாவே" என்று ஒரு சத்தம் கேட்டுத் திரும்பினேன். மாமா பெஞ்சில் சாய்ந்திருந்தார். தடுப்பூசி அட்டையால் அவருக்கு விசிறிவிட்டேன். மயக்கம் தெளிந்து சுல்தான் மீனைத் தின்று முடித்த பிறகும் மாமாவுக்கு முகம் வெளுத்தேதான் இருந்தது.

"எனக்க மானத்தை வாங்கிட்டான் பாத்தியா" என்றார், பூனையைத் தடவிக்கொண்டே.

சொட்டுச் சொட்டாக ரத்தம் ஏறியது. மத்தியானம் தாண்டி சக்கை தலையைத் தூக்கினான். ஈறைப் பார்க்க உதட்டைத் தொட்ட என் விரலைக் கடித்தான். அந்தக் கடிக்காக டாக்டரும் நானும் சேர்ந்து சிரித்தோம்.

அப்புறம் பல நாள் மாத்திரை. சாக்கை எரித்தோம், வீடு முழுக்கக் கழுவினோம். சக்கை தின்றான், நடந்தான், ஆனால் பழைய துள்ளல் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உள்ளறையிலிருந்து அம்மா கூப்பிட்டாள். பயந்து ஓடினேன். அப்பாவின் வெள்ளைச் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். நனைந்திருந்தது.

"ஸ்தோத்திரம். அடிச்சிட்டான் பிள்ளே" என்றாள். அவள் கண்ணும் நனைந்திருந்தது. அப்பா அன்றைக்கு நீலச் சட்டையில் ஆலயத்துக்கு வந்தார்.

டாக்டர் மறுபடி ரத்தம் சோதித்துச் சரி என்ற பிறகு ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. இப்போது ஊர் ஊராகப் பூனை வளர்ப்பவர்களைப் பிடித்துப் பேசிக்கொண்டிருக்கிறேன். பூனைகளுக்கென்று ஒரு ரத்ததானக் குழு தொடங்கப் போகிறேன். முதல் பெயர் சுல்தான். மனிதர்களுக்கான அடுத்த முகாமுக்குத் தானும் ரத்தம் கொடுக்க வருவதாக மாமா சொல்லியிருக்கிறார். அன்று காலை பேச்சிப்பாறை ரோட்டில் ஆள் நிறுத்துவதா வேண்டாமா என்று யோசிக்கிறேன். ஒன்று மட்டும் எனக்குள் மாறிப்போனது. வீட்டில் யாராவது காரணமில்லாமல் திடீரென்று நல்ல பிள்ளையாகிவிட்டால், இப்போதெல்லாம் நான் சந்தோஷப்படுவதில்லை, பக்கத்தில் போய் உட்கார்ந்து என்ன செய்கிறது என்று கேட்கிறேன்.