கிரகணம் விட்டாச்சா அண்ணா?

எங்கள் ஊர் தரிகெரேயில் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணங்களில் படம் எடுத்துப் பிழைக்கிறவன் நான். பேயைப் பார்த்தவன் என்று பெயர் வந்துவிட்டால் எவன் தன் வீட்டு மணமேடைக்குப் பக்கத்தில் என்னை விடுவான்? ஆனாலும் நடந்தது நடந்ததுதான். அன்று எடுத்த படம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

2018 ஜனவரி கடைசி நாள். அன்று நிலா உதிக்கும்போதே முழு கிரகணத்தில் உதிக்கும் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். ஏரித் தண்ணீருக்கு மேல் சிவப்பு நிலா... அப்படி ஒரு படத்துக்காக எத்தனையோ வருடம் காத்திருந்தவன் நான்.

என் மனைவி நாகவேணிக்கு அப்போது ஏழாம் மாதம்.

"கிரகணத்தன்னிக்கு மாசமா இருக்கிறவளைத் தனியா விட்டுட்டுப் போறீங்களே" என்றாள்.

"எட்டே முக்காலுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். கதவைச் சாத்திட்டு உள்ளேயே இரு."

"நான் எங்கே போகப் போறேன். நிலாதான் ஓடிடும், போய்ப் பிடிங்க."

மாவினஹொண்டா ஏரி எங்கள் வீட்டிலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர். பைக்கில் போனேன். ஏரியை ஒட்டிய ஊருக்குள் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. கோயில் நடையும் சாத்தியிருந்தது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. ஏரிக்கரையில் ஸ்டாண்டை நிறுத்தி, கேமராவை மாட்டிவிட்டுக் காத்திருந்தேன்.

ஆறு ஐம்பதுக்கு நிலா தெரிந்தது. தேய்க்காத செப்புக் குடம் போல, மங்கலாக. நான் எடுக்க ஆரம்பித்தேன்.

ஏழு மணி தாண்டியிருக்கும். வளையல் சத்தம் கேட்டது.

"கிரகணம் விட்டாச்சா அண்ணா?"

திரும்பினேன். பத்தடி தள்ளி ஒரு பெண் நின்றிருந்தாள். இருட்டில் முகம் தெரியவில்லை. வயிறு தெரிந்தது. நிறைமாதம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பக்கம் கிரகணத்தில் கர்ப்பிணிகள் ஜன்னல் பக்கம்கூட வரமாட்டார்கள்.

"இன்னும் இல்லம்மா. எட்டே முக்கால் ஆகும். நீ ஏன் வெளியே நிக்கிறே?"

"அதுவரைக்கும் தாங்காதே..."

"வலிக்குதா? பைக்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?"

"வேணாம். யாராவது வீட்டுக்குள்ள விட்டாப் போதும்."

உள்ளூர்க்காரி, ஏதோ வீட்டுச் சண்டை, கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டுக்கொள்வார்கள் என்று நினைத்தேன். நிலா மேலே ஏறிக்கொண்டிருந்தது. கேமராவைக் கொஞ்சம் திருப்பி, கரையும் தண்ணீரும் சேர்ந்து வருகிற மாதிரி ஒரு படம் எடுத்தேன்.

"உங்க வீட்டுல யார் இருக்காங்க அண்ணா?"

"என் பொண்டாட்டி. அவளும் மாசமாத்தான் இருக்கா." கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமலே சொன்னேன்.

"எந்த ஊரு?"

"தரிகெரே. கோட்டைத் தெரு."

"தட்டினா கதவைத் திறப்பாங்களா?"

"அவளா? யார் வந்து தட்டினாலும் திறப்பா."

அதற்குப் பிறகு எனக்குப் பின்னால் வளையல் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஏழு முப்பத்தேழு. நிலாவின் ஓரத்தில் வெள்ளைக் கீற்று விழுந்தது. நல்ல செய்தி சொல்லலாம் என்று திரும்பினேன்.

யாரும் இல்லை.

கரை நீளமானது. ஒதுங்க ஒரு மரம் கிடையாது. வளையல் சத்தமும் கேட்கவில்லை.

எடுத்த படங்களைத் திரையில் பார்த்தேன். கரையும் தண்ணீருமாக எடுத்த படத்தில், ஓரத்தில் அவள் நின்றிருந்தாள். கேமரா ஷட்டரை எட்டு விநாடி திறந்து வைத்து எடுத்த படம் அது. காற்றில் ஆடிய நாணல் புகையாகக் கலங்கியிருந்தது. மனிதர்கள் யாராலும் எட்டு விநாடி அசையாமல் நிற்க முடியாது. மூச்சு விட்டாலே உருவம் கலங்கிவிடும்.

அவள் கலங்கவில்லை.

முந்தானை நூல்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது.

ஏழு நாற்பத்து நான்கு. போன் அடித்தது. நாகவேணி.

"ஏங்க, நீங்க யாரையாவது அனுப்பினீங்களா?"



"யாரு?"

"ஒரு பொண்ணு கதவைத் தட்டுது. ஏரிக்கரையில அண்ணன்தான் சொன்னார்னு சொல்லுது."

இருபத்திரண்டு கிலோமீட்டர்... ஏழே நிமிடம்...

"திறக்காதே."

"புள்ளத்தாச்சிங்க. அழுவுது."

"நாகவேணி, திறக்காதே..."

"எப்படிங்க திறக்காம இருக்க?"

போன் கட்டானது. திரும்பத் திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை.

கேமராவைக் கழற்றினேன். ஸ்டாண்டை அப்படியே விட்டேன். பைக்கை எப்படி ஓட்டினேன் என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

தட்டினேன்.

சத்தமில்லை.

இன்னும் தட்டினேன்.

"யாரு?"

நாகவேணியின் குரல். தாழ்ப்பாளை எடுத்தாள். நல்லபடியாக நின்றாள். பின்னால் கூடத்தில், தரையில் ஒரு காலி தம்ளர்.

"தண்ணி கேட்டா, கொடுத்தேன். இன்னும் வேணும்னு சொன்னா. அடுப்படிக்குப் போய் மோந்துட்டு வந்தேன், ஆளைக் காணோம்" என்றாள்.

நான் அவளைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை ஸ்டாண்டை எடுக்கப் போனேன். ஏரிக்கு மடை திறக்கிற சென்னப்பா அதை எடுத்து வைத்திருந்தார். கேமராத் திரையில் அந்தப் படத்தைக் காட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"நான் சின்னப் பையனா இருந்தப்போ நடந்தது. புருஷன் வீட்டுல அடிச்சாங்கன்னு நடந்தே வந்தவ. வெளியூர்க்காரி. கிரகண நேரத்துல வலி எடுத்துடுச்சு. ஒவ்வொரு கதவா தட்டினா. விட்டப்புறம் வாம்மான்னு எல்லாரும் உள்ளேயிருந்தே சொல்லிட்டாங்க. எங்கப்பாவும்தான். விட்டப்புறம் போய்ப் பார்த்தா... கரையில கிடந்தா. ரெண்டு உசுரும் போயிடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? ஒவ்வொரு கிரகணத்துக்கும் எங்க ஊர்க் கதவைத் தட்டுவா. யாரும் திறக்க மாட்டோம். நேத்துத்தான் ஒரு வீட்டையும் தட்டல."

வீட்டுக்கு வந்து நாகவேணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பயப்படுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து போய் வாசல் கதவருகே நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"அவ உள்ள வந்ததும் தாழ்ப்பாளைப் போட்டது நான்தாங்க. நீங்க வந்து தட்டுற வரைக்கும் அதை எடுக்கவே இல்ல."