மலைக்கு மட்டம் பார்த்த நாள்

ரயில் ஜன்னலோரம் கிடைத்தால் என் கண் சும்மா இருக்காது. நகரியில் ஏறித் திருப்பதிக்கு வேலைக்குப் போகிற வழியில், புத்தூரைத் தாண்டியதும் எங்கள் மலைத்தொடர் திரும்பிப் படுக்கும். ஊரிலிருந்து பார்த்தால் தெற்கு உச்சிதான் உயரம். ரயிலிலிருந்து பார்த்தாலோ வடக்கு உச்சி ஒரு பிடி மேலே நிற்கும். மேகம் முதலில் உரசுவதும் அதைத்தான். இதை ஒருநாள் வீட்டில் சொல்லித் தொலைத்தேன்.

என் மனைவியின் ஊர்க்காரர்கள் கார்த்திகைக்குத் தெற்கு உச்சியில் தீபம் ஏற்றுகிறவர்கள். தொடரிலேயே உயர்ந்த இடத்தில்தான் ஏற்ற வேண்டும் என்பது வழக்கம். வடக்கு உச்சி அடுத்த ஊர்ப் பக்கம். அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மனைவியின் பெரியம்மா மகள் காதுக்கு என் பேச்சு போய்விட்டது. "அப்போ இந்த வருசம் தீபம் எங்களுது" என்று வாசலில் வந்து நின்றார்.

மனைவி என்னோடு பேசுவதை நிறுத்தினாள். தட்டு மட்டும் வந்தது, சத்தமாக.

ஞாயிற்றுக்கிழமை காலை நான்கு பேர் தெற்கு உச்சிக்கு ஏறினோம்: நான், மனைவி, கொத்தனார் வேலை செய்யும் அவள் தம்பி, சாட்சிக்கு அந்த அடுத்த ஊர் அக்கா. உச்சியில் என் போன் ஒரு உயரம் சொன்னது, மைத்துனன் போன் வேறொன்று. உட்கார்ந்து எழுவதற்குள் என்னுடையது மனம் மாறியது.

"அத்த உள்ள வைங்க மாமா" என்று மைத்துனன் பையிலிருந்து டியூபை எடுத்தான். அஸ்திவாரத்துக்கு மட்டம் பார்க்கிற, உள்ளே தண்ணீர் தெரியும் நீளமான பிளாஸ்டிக் டியூப். தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைத் தான் பிடித்து, மறு முனையை என் மனைவியிடம் கொடுத்துப் பத்தடி தள்ளி நிற்கவைத்தான்.

"ரெண்டு பக்கத் தண்ணியும் ஒரே மட்டம். ஒண்ணா சேத்து நேராப் பாருங்க. அந்த வடக்கு உச்சிப் பாறை தண்ணிக்கு மேல தெரிஞ்சா அது ஒசரம். கீழ தெரிஞ்சா நாம ஒசரம்."

ஒரு கண்ணை மூடினேன். டியூபில் தண்ணீர் ஏறி இறங்கியது. பிறகு அடங்கியது.

"இன்னா தெரியுது?" நான்கு நாளில் அவளுடைய முதல் பேச்சு.

"மேலதான் தெரியுது."

டியூபை என்னிடம் திணித்துவிட்டுத் தானே குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "அங்க போயி இங்க பாக்கலாம். அதான் நியாயம்."

இறங்கி ஏறினோம். வழி என்று ஒன்று இல்லை. சூரை முள், உருளும் கல், மறுபடி முள். அக்காவின் சேலை இரண்டு இடத்தில் கிழிந்தது. வடக்கு உச்சியில் டியூபைத் தூக்கினால், தெற்கு உச்சி தண்ணீருக்குக் கீழே பணிவாகக் கிடந்தது. மனைவி முந்தானையால் முகம் துடைத்தாள். வியர்வைக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

ஜெயித்தவர் பாறையில் உட்கார்ந்து பாதத்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். "ஏன்டி, எண்ணெ டின்னு, திரி, கொப்பரை எல்லாத்தையும் தூக்கிக்கினு இங்க எவன் ஏறுவான்? எங்க ஊரு ஆம்பளைங்க டீக்கடைக்கே பைக்ல போறவனுங்க."

"தீபம் உங்களுதாச்சே."

"ஒசரம் எங்களுது. தீபத்த நீயே ஏத்து. நாங்க கீழருந்து கும்புட்டுக்கறோம்."

மனைவி சிரித்த சிரிப்பில் பாறையிடுக்கிலிருந்து ஓர் ஓணான் ஓடியது.

"கொப்பரை வைக்க மேடை கட்டணுமே" என்றான் மைத்துனன். "சிமெண்ட்டு மூட்டைய மாமா தூக்கினு வருவாரில்ல? அவருதான ஆரம்பிச்சாரு."

"தூக்குவாரு" என்றாள் மனைவி, என் பக்கம் திரும்பாமலே. அதற்குள் அவள் கொப்பரைக்கு வாகாய், காற்றுக்கு மறைவாய் ஒரு தட்டைப் பாறை தேடி நடந்துகொண்டிருந்தாள்.