செவலைக் கிடா

மார்கழித் தூறலில் நனைந்த மங்கி குல்லாவோடு எதிர்வீட்டுக்காரர் லிஃப்டில் ஏறினார். மயிலாப்பூரில் அந்தக் குல்லா இல்லாமல் காலைநடை ஏது? ஈரக் கம்பளி நாற்றம் குப்பென்று மூக்கில் ஏற, "கொஞ்சம் நிலம் வாங்கியிருக்கேன் சார். நாட்டு ஆடா, கலப்பினமா, எது வளர்க்கலாம்? நீங்கதானே கால்நடைப் படிப்பு?" என்றார். பாவம், அவர் தப்பாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. எனக்குத்தான் சுர்ரென்று கோபம் ஏறியது. என் மாடி வருவதற்கு முன்பே இறங்கிவிட்டேன்.

எனக்கு அந்த ஈரக் கம்பளி வாடை அடையாற்றங்கரை நாற்றம். படிப்பு முடித்த சூட்டில் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். இன் பண்ணிய சட்டை, கையில் கோப்பு. ஆட்டைப் பற்றி ஆட்டுக்கே பாடம் எடுப்பேன் அப்போது. கரையோரக் குடிசைகளுக்குக் கலப்பினச் செம்மறி ஆடு கொடுப்பது எங்கள் திட்டம். சீக்கிரம் எடை போடும், கம்பளியும் கிடைக்கும் என்றார்கள். சென்னையில் எவன் கம்பளி வாங்குவான் என்று எங்கள் அலுவலகத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

பச்சையம்மாவுக்குத் தோன்றியது. என் வயதுதான் இருக்கும் அவளுக்கு. இரண்டு பெட்டையும் ஒரு கிடாவும் வைத்திருந்தாள். எல்லாம் செவலை நாட்டுச் செம்மறி, குட்டை மயிர். மழை பெய்தால் ஒரு உதறு உதறும், காய்ந்துவிடும். கரையில் கிடைத்ததை மேய்ந்தபடி கிண்டி வரை நடந்துவிட்டு வரும்.

"இன்னா சார், வேர்த்து ஊத்தற ஊர்ல இதுக்கு சொட்டரு போட்டு இட்டாந்துகீறியே?" என்றாள். நான் சிரிக்கவில்லை. 'ஒத்துழைப்பு போதாது' என்று கோப்பில் எழுதினேன். அவ்வளவு திமிர்.

புது ஆடு வேண்டுமென்றால் பழையதை ஒப்படைக்க வேண்டும். இனம் கலந்துவிடக் கூடாதாம். கிடாவின் கயிற்றை விடாமல் கேட்டாள்: "இத்த எங்க இட்டுகினு போறீங்கோ?"

"பண்ணைக்கும்மா. நல்லா பாத்துப்பாங்க."

மேலாளர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். நம்பிக் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டாள். விசாரித்தேனா? இல்லை. தொடக்க விழாவில் பிரியாணி போட்டார்கள். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கம்பளி காயவேயில்லை. ஈ மொய்த்துத் தோலில் புழு வைத்தது, குளம்பு அழுகியது. பச்சையம்மா துணி வெட்டும் கத்தரிக்கோலால் கம்பளியைக் கத்தரித்துக் கத்தரித்துப் பார்த்தாள். நாங்கள் கொடுத்த இரண்டு ஆடும் செத்தன.

"பராமரிப்பு சரியில்லைன்னு போடு," என்றார் மேலாளர். போட்டேன். கீழே என் கையெழுத்து. அந்தப் பேனாவை அவர் மூஞ்சியிலேயே எறிந்திருக்க வேண்டும்.

மறுவாரம் அவள் அலுவலக வாசலில் வந்து நின்றாள். "போனது போவட்டும் சார். அந்தக் கெடாவ மட்டும் திருப்பிக் குடு. எப்டியாச்சும் ஒரு பெட்டையப் புட்சி, மறுக்கா ஆரம்பிச்சுக்கறேன்."

உள்ளே போய்க் கேட்டேன். மேலாளர் சிரித்தார். "ஏது பண்ணை? விழாவுல நீ சாப்பிடலையா?"

வெளியே வந்து, "பண்ணைல தர மாட்டாங்களாம்மா" என்றுதான் சொன்னேன்.

இன்று அந்தக் கரையில் வேலியும் புல்தரையும். குடிசைகளைப் பிரித்து, எல்லாரையும் ஊருக்கு வெளியே மாடி வீடுகளுக்கு லாரியில் ஏற்றிவிட்டார்கள். மூன்றாவது மாடியில் ஆட்டை எங்கே கட்டுவது? செவலை ஆடு ஒன்றுகூட அந்தப் பக்கம் கண்ணில் படுவதில்லை. லாரி ஏறும் நாள் வரை, வழியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பச்சையம்மா கேட்பாள்: "கெடா நல்லா கீதா சார்?"

"நல்லா இருக்கும்மா" என்பேன், ஒவ்வொரு தடவையும்.