ஏட்டு மாசிலாமணி ஏன் வருவதில்லை?

போன சனிக்கிழமை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்துப் பத்திரிகைக் கடையில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் விசாரித்தார்.

"ஏட்டு வந்திருக்கா?"

"இல்லீங்க. அதை நிறுத்தியாச்சு."

"ஏன்?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நானும் அதைப் போடுகிற சூசையும் சிநேகம் என்பது அவருக்குத் தெரியும். நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் சொல்லி முடிக்கிற காரணமா அது? இங்கே சொல்லிவிடுகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்கு ஏட்டைத் தெரிந்திருக்காது. 'ஏட்டு மாசிலாமணி' என்பது ஒரு காமிக்ஸ் புத்தகம். சாணித்தாள், கறுப்பு வெள்ளைப் படங்கள். திருச்சியைத் தாண்டினால் எங்கேயும் கிடைக்காது. கதை, படம், எழுத்து, சைக்கிளில் கட்டிக்கொண்டுபோய்க் கடைகளில் போடுவது… எல்லாம் ஒரே ஆள். சூசை. பாலக்கரையில் வீடு. அரியமங்கலம் பக்கம் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் டிராஃப்ட்ஸ்மேன். பகல் முழுக்க போல்ட்டும் நட்டும் வரைவார். மிச்ச நேரத்தில் கொலை.

கறுப்பு என்றால் அப்படி ஒரு கறுப்பு. பாதிப் பக்கம் இருட்டாக இருக்கும். அதில் ஒரு பீடி நெருப்பு மட்டும் தெரியும். "இவர் புக்குக்கு மட்டும் மை ரெண்டு பங்கு செலவாகுது சார்" என்று பிரஸ்காரர் என்னிடமே அழுதிருக்கிறார்.

ரகசியத் தீவு, குகை, பறக்கும் கார் எதுவும் கிடையாது. காவிரிப் பாலம், மழையில் நனைந்த கடைத்தெரு, ரயில்வே கேட். வேலை போன ஒரு போலீஸ் ஏட்டு குற்றவாளியைத் தேடிக்கொண்டு நடப்பார். கண்டும் பிடிப்பார். ஆனால் நிரூபிக்க முடியாது. கடைசிக் கட்டத்தில் குற்றவாளி ஒரு பக்கம் போவான், ஏட்டு ஒரு பக்கம் போவார். ஒவ்வொரு புத்தகத்திலும் இதே கதிதான்!

"ஒரு தடவையாவது அந்த மனுஷனை ஜெயிக்க விடக்கூடாதா சூசை?" என்று நானே கேட்டிருக்கிறேன்.

"ஜெயிக்கிறவங்க எல்லாக் கடையிலயும் தொங்குறாங்க சார். நம்மாளு நடக்கிறதைப் பாக்கிறவரு."

நாலு வருஷம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை. சூசை சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார். நானும் அங்கே இருந்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா மாடிப்படி ஏறி வந்தார். பெயர் ராஜம்மாள். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ். கையில் ஒரு பழைய ஏட்டு புத்தகம்.

"இதை வரையறவரு நீங்கதானா தம்பி?"

"ஆமாம்மா. உக்காருங்க."

உட்காரவில்லை.

"என் பொண்ணு கலா இதைத்தான் விரும்பிப் படிப்பா. ஸ்ரீரங்கத்துல கட்டிக் குடுத்தோம். ஒன்றரை வருஷம் இருந்தா. ஸ்டவ் வெடிச்சு செத்துப் போயிட்டான்னு ஆள் அனுப்பினாங்க."

சூசையும் எழுந்து நின்றார்.

"போயி, வெடிச்ச ஸ்டவ்வைக் காட்டுங்கன்னு கேட்டேன். கொண்டாந்து காட்டினாங்க. விளக்கி, பளபளன்னு இருந்துச்சு தம்பி."

அந்த அம்மா அழவில்லை. பலபேரிடம் சொல்லிச் சொல்லி அழுகை தீர்ந்துபோயிருக்க வேண்டும். விபத்து என்று எழுதிக் கேஸை மூடியாயிற்று. ராஜம்மாளின் கணவர் பேசுவதையே விட்டுவிட்டாராம். இப்போது மாப்பிள்ளைக்கு உறையூரில் பெண் பார்த்திருக்கிறார்கள்.

"நீங்க இதைக் கதையாப் போடுங்க. உங்க ஏட்டு அவனைப் பிடிச்சு விலங்கு மாட்டணும். படத்துலயாவது நான் அதைப் பாத்துக்கறேன்."

சூசை அந்தப் பழைய புத்தகத்தை வாங்கிப் புரட்டினார்.

"வரையறேம்மா" என்றார். அவ்வளவுதான்.

மறுநாளே ஸ்ரீரங்கம் வந்து என்னையும் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டு வீதிக்குப் போனார். எதிர்ச்சாரியில் ஒரு சோடாக் கடை. அங்கே நின்று அந்த வீட்டைப் பார்த்தோம். நல்ல வீடு. ஜன்னல் கம்பியில் தோகை விரித்த மயில். உள்ளே ரேடியோ பாடியது. சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டே ஒரு இளைஞன் வெளியே வந்து, செருப்பு மாட்டி, எங்களைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தான். தெருவில் போகிறவர்களைப் பார்த்து சிரிக்கிற நல்ல சுபாவம். அவன்தான்.

திரும்பி வரும்போது சூசை கேட்டார்: "இவன் எப்படி சார் இருப்பான்னு நினைச்சீங்க?"

நான் வில்லன் மீசையை எதிர்பார்த்திருந்தேன். சொல்ல வெட்கமாக இருந்தது.

புத்தகம் தயாராயிற்று. பெயர்களெல்லாம் மாற்றம். வீடு மட்டும் அதே வீடு, மயில் உட்பட. ஏட்டு அந்த அடுப்பங்கரைக்குள் போய், துடைத்து வைத்த ஸ்டவ்வைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பக்கம் ஒன்று உண்டு. அதில் ஒரு வார்த்தை கிடையாது.

ஆனால் விலங்கு?

மாட்டவில்லை. கடைசிக் கட்டத்தில் அந்த இளைஞன் மாலையும் கழுத்துமாக மணமேடையில் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் பெண். பெண்ணுக்கு முகம் இல்லை. கன்னங்கரேலென்ற பக்கத்தில் அந்த ஒரு இடத்தை மட்டும் வெள்ளையாக விட்டிருந்தார்.

ராஜம்மாள் முழுவதும் பார்த்தார். மூடினார்.

"நீங்களும் விட்டுட்டீங்களே தம்பி…"

"மாட்டிப் பாத்தேம்மா. ரெண்டு தடவை வரைஞ்சு கிழிச்சேன். பாக்கிறவங்க ஓஹோ, பிடிச்சுட்டாங்கன்னு புக்கை மூடி வெச்சிட்டுப் போயிடுவாங்க. அவன் வெளியில இருக்கானேம்மா."

அந்த அம்மா இறங்கிப் போனார். கோபமாகத்தான் போனார். ஆனால் புத்தகத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார்.

நேரே உறையூர். விசாரித்துப் பெண் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். வாசலில் நின்ற பெண்ணிடம், "நீதான் வசந்தியா? இதைப் படிம்மா" என்று கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார். வேறொன்றும் பேசவில்லை. வசந்தி படித்தாள். ஒன்றும் புரியாமல் அப்பாவிடம் கொடுத்தாள். அவர் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் வந்தவர். ஜன்னல் மயிலைப் பார்த்ததும் எந்த வீடு என்று தெரிந்துவிட்டதாம். ஸ்ரீரங்கத்துக்குப் போய் நாலு வீட்டில் விசாரித்திருக்கிறார். மூன்று வீட்டில் கதவைச் சாத்தினார்கள். நாலாவது வீட்டில் பேசினார்கள்.

கல்யாணம் நின்றது.

நாம் பெண் கொடுக்கும்போது நட்சத்திரம் பார்க்கிறோம், கோத்திரம் பார்க்கிறோம், பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். முதல் பெண்டாட்டி எப்படிச் செத்தாள் என்று எத்தனை பேர் விசாரிக்கிறோம்? அதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

சூசைக்கு அப்போது வந்த சந்தோஷத்தை நான் பார்த்திருக்கிறேன். பெரிதாக ஒன்றுமில்லை — என்னை ஹோட்டலுக்குக் கூட்டிப்போய் ரவா தோசை வாங்கிக்கொடுத்தார். "ஏட்டு ஒரு தடவை ஜெயிச்சுட்டாரு சார்" என்றார். பிரஸ்ஸுக்கு இரண்டு பேர் வந்து, இனிமேல் அச்சடிக்க வேண்டாம் என்று மிகவும் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். பிரஸ்காரரும் கையை விரித்துவிட்டார். சூசை அதற்கெல்லாம் அசரவில்லை. வேறு பிரஸ் தேடினார்.

அவரை அசைத்தது வேறு செய்தி. ஆறேழு மாதம் கழித்து ராஜம்மாள்தான் வந்து சொன்னார்.

"அவனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு தம்பி. சேலத்துப் பொண்ணு. மாலையும் கழுத்துமா கார்ல வந்து இறங்கினாங்களாம்."

சேலத்தில் ஏட்டு புத்தகம் விற்பதில்லை.

அன்றைக்கு சூசை பிரஷ்ஷைக் கழுவி வைத்தவர்தான். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஒரு பெண்ணைக் காப்பாற்றினீர்களே என்றேன்.

"காப்பாத்தலை சார். வசந்திக்கு இருந்த இடத்துல இன்னொருத்தியை உக்கார வெச்சிருக்கேன். அந்த முகம் எப்படி இருக்கும்னு யோசிச்சா கை ஓட மாட்டேங்குது."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்?

பஸ் ஸ்டாண்டில் நடந்ததைச் சொல்ல ஞாயிற்றுக்கிழமை சூசை வீட்டுக்குப் போனேன். அங்கே வசந்தியின் அப்பா உட்கார்ந்திருந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். இல்லை. மனம் ஆறாமல் வந்திருந்தார்.

"கொலைகாரனுக்குப் பாத்த பொண்ணுன்னு பேராயிடுச்சுங்க. மூணு வருஷமா ஒரு வரனும் குதிரலை. நீங்க பாட்டுக்கு வரைஞ்சுட்டீங்க…"

சூசை தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

வசந்தியும் கூட வந்திருந்தாள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலை பார்க்கிறாளாம். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா தண்ணீர் குடிக்க உள்ளே போன நேரத்தில் சூசையிடம் மெதுவாகச் சொன்னாள்.

"சார், சேலத்து அக்காவுக்கு அந்த புக்கை நான் அனுப்பிட்டேன். அவங்க பிறந்த வீட்டு விலாசம் கிடைச்சுது. என் விலாசமும் உள்ள எழுதி வெச்சேன்."

"எப்பம்மா?"

"போன மாசம்."

"பதில் வந்துச்சா?"

"இன்னும் இல்ல சார்."

அப்பா வந்துவிட்டார். அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். கிளம்பும்போது அவர் என்னைத் தனியே கூப்பிட்டு வருத்தப்பட்டார்: "தபால்காரர் வர்ற நேரத்துக்கு டாண்ணு பொண்ணு வாசல்ல போயி நின்னுடுது சார். பாவம், வரன் ஏதாவது வராதான்னு ஏங்குது."

நான் அவரைத் திருத்தவில்லை.