கண்ணாடி அரசியும் காணிப்பாக்கம் பஸ்ஸும்

மாப்பிள்ளை போட்டோவிலேயே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. பெண் வீட்டுக்கு அனுப்பும் படத்தில் எவனாவது கறுப்பு டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு நிற்பானா? அதில் இறக்கை முளைத்த குதிரை ஒன்று வாயிலிருந்து நெருப்பைக் கக்கிக்கொண்டிருந்தது. திருப்பதியில் கம்ப்யூட்டர் வேலை, குடிப்பழக்கம் இல்லை, பழைய இங்கிலீஷ் ராக் பாட்டு என்றால் உயிர் என்றார் தரகர். கடைசி விஷயத்தை மட்டும் ஏதோ வியாதியைச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

நான் சித்தூரில் ஒரு காலேஜில் இங்கிலீஷ் எடுப்பவள். சந்தேகம் எனக்குப் பிறவிக்குணம் இல்லை. ஒருத்தன் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனான். இதற்கு முன் நிச்சயம் வரை வந்தவன் அவன். நான் படித்த புத்தகமெல்லாம் தானும் படித்திருப்பதாகச் சொன்னான். ஒன்றைக்கூடத் தொட்டதில்லை என்று பிறகுதான் தெரிந்தது. சொன்ன வேலையும் அப்படித்தான், படிப்பும் அப்படித்தான். நிச்சயம் நின்றுபோனது. நைனா, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், ரொம்ப நாள் தெருவில் தலை நிமிராமல் நடந்தார். அதனால் இந்தத் தடவை எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: தெரியாததைத் தெரியும் என்று சொல்லாத ஆள்.

இந்த மாப்பிள்ளை போனில் பாட்டாக அனுப்ப ஆரம்பித்தார். கூடவே, ‘இந்த வரிகள்தான் என் வாழ்க்கை’ என்று ஒரு செய்தி. கேட்டேன். கிடார் நன்றாகத்தான் இருந்தது. வரிகளைத்தான் தாங்க முடியவில்லை. நீளமுடிக்காரர்கள் நாலு பேர், உலக ரகசியம் எல்லாம் தங்கள் பாக்கெட்டில் இருக்கிற தோரணையில் உளறித் தள்ளியிருந்தார்கள். ஒரு வரியில் மந்திரவாதி வருவான், அடுத்த வரியில் கடல் கொதிக்கும், யார் யாரைத் தேடுகிறார்கள் என்று கடைசிவரை தெரியாது. என் மாணவன் எவனாவது இப்படி எழுதியிருந்தால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த நைனாவுக்கு ஒரு பாட்டைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். “காலத்தின் முதுகில் ஏறிப் போனேன், கண்ணாடி அரசியின் நிழலைக் குடித்தேன்.”

நைனா கையிலிருந்த களியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். “குடிப்பாராமா?”

“நெழலைத்தான் நைனா.”

“இன்னிக்கு நெழலு. நாளைக்கு இன்னாத்த குடிப்பாரோ, யாரு கண்டா? எதுக்கும் கேட்டுக்கோ.”

என் சந்தேகம் வேறு. இதெல்லாம் புரிகிறது என்று சொல்கிற மனுஷனை எப்படி நம்புவது? பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு உட்கார்ந்திருந்தபோது, நானே இங்கிலீஷில் நாலு வரி எழுதினேன். முடிவே இல்லாத படிக்கட்டில் ஊதா நிற ஆந்தை ஒன்று உட்கார்ந்து என் பெயரை மறந்துபோகிறது, அவ்வளவுதான் பாட்டு. அதே குழுவின் பழைய ரெக்கார்டில் இருப்பது, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டு அவருக்கு அனுப்பினேன்.

சாயங்காலம் பதில் வந்தது. ‘ஆஹா! ஹாஸ்டல்ல இதைக் கேட்டு அழுதிருக்கேன். எவ்ளோ ஆழம்!’

என் ஆந்தைக்கு அழுதானாம்! முதலில் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகை வந்தது. மறுபடியும் அதே ரகம். மறுபடியும் நைனா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும்.

இரண்டு குடும்பமும் ஞாயிற்றுக்கிழமை காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலில் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் அந்தக் கோயில் என்றாலே சத்தியப் பிரமாணம். திருடியவன், குடியை விடுகிறேன் என்பவன் எல்லோரையும் குளத்தில் முழுக வைத்துப் பிள்ளையார் முன்னால் நிறுத்திவிடுவார்கள். அங்கே பொய் சொன்னவன் விளங்கமாட்டான் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனாலும் நான் அங்கே பொய் சொன்னதில்லை.

தரிசன வரிசையில் பெரியவர்கள் முன்னால் போய்விட, நாங்கள் பின்தங்கினோம்.

“அந்த ஆந்தைப் பாட்டை நெஜமாவே கேட்டிருக்கீங்களா?” என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. “வெளிய போய் சொல்லட்டுமா?”

“ஏன், இங்க இன்னா?”

“இங்க வேணாங்க.” சன்னதிப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, பின்னால் நின்றவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு வரிசையைவிட்டே ஓடினார். விட்டது சனி என்று நினைத்தேன். ஆனாலும் காரணம் தெரியாமல் விட மனசு வரவில்லை, பின்னாலேயே போனேன்.

தேங்காய்க் கடையோரம் வேர்த்துப்போய் நின்றுகொண்டிருந்தார். “கேட்டதில்லைங்க. நெட்டு பூரா தேடிட்டேன், கெடைக்கல. தெரியாதுன்னா மட்டமா நெனைப்பீங்களோன்னு பயம். நீங்க இங்கிலீஷ் மேடம் வேற. இன்னொண்ணும் சொல்லிட்றேன். நான் அனுப்பின எந்தப் பாட்டுக்கும் எனக்கு அர்த்தம் தெரியாது. எழுதினவனுக்கே தெரிஞ்சிருக்காது. எனக்கு அந்த கிடாருதாங்க.”

“இதை உள்ளயே சொல்லியிருக்கலாமே?”

“உள்ள நீங்க கேட்டதும் பொய்தாங்க மொதல்ல வாயில வந்துது. சொல்லிடுவேனோன்னு ஓடியாந்துட்டேன்.”

இதுவும் நடிப்போ என்று ஒரு நிமிஷம் முகத்தையே பார்த்தேன். வாய் வரைக்கும் வந்த பொய்யைப் பார்த்துப் பயந்து ஓடிய ஆளை நான் அதுவரை கண்டதில்லை.

“அந்தப் பாட்டு யாரோடதுங்க?” என்றார்.

“நான் எழுதினது.”

நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார், “ஆந்தை எதுக்கு ஊதா கலரு?”

“தெரியாது” என்றேன். சிரித்துவிட்டோம். கோயிலுக்குள் போய் நைனாவிடம் சரி என்று சொன்னேன். நைனா நிமிர்ந்து நின்றார். அதைப் பார்க்கத்தான் எனக்கு அத்தனை அவசரம்.

இப்போது திருப்பதியில் இருக்கிறோம். சந்தேகமும் என்னோடு சீர்வரிசையில் வந்துவிட்டது. குழம்பு நன்றாயிருக்கிறது என்றாலும், ஆபீஸில் லேட்டாகிவிட்டது என்றாலும், “பஸ் ஏறலாமா?” என்று கேட்பேன். எந்த ஊர் பஸ் என்று சொல்லவே வேண்டாம். “உப்பு கொஞ்சம் தூக்கல்” என்று உண்மை வந்துவிடும்.

போன வாரம் வீட்டில் கண்ணாடி அரசிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் வழக்கம்போல வரிக்கு வரி தமிழாக்கிக் கிண்டலடித்துக்கொண்டிருந்தேன். அவர் பாட்டை நிறுத்தினார்.

“அன்னிக்குக் கோயில்ல சரின்னியே. எனக்காகவா, நைனாவுக்காகவா?”

சுருக்கென்றது. “அன்னிக்கு நைனாவுக்காகத்தான். இன்னிக்குக் கேட்டா உங்களுக்காகத்தான். போதுமா?”

“அத்து நெஜமான்னு எனக்கு எப்டித் தெரியும்?”

கேலியாகக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை ரொம்ப நாளாக உள்ளேயே வைத்திருந்தார் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. எழுந்து போய்ப் புடவை மாற்றிக்கொண்டு செருப்பை மாட்டினேன்.

“எங்க கெளம்பிட்ட?”

“பஸ் ஏறலாம், வாங்க.”